வடக்கு வாசலில் நின்ற மச்சாள்

எங்கட ஊர்க் கோணேசர் கோயிலுக்கு வழி ஒன்றுதான். கோட்டை வாசலுக்குள்ளால் போய், மான்கள் படுத்திருக்கிற மரநிழலைக் கடந்து மலையில் ஏறினால் கோயில். அதற்கு அங்கால் கடல். போன வழியாலேதான் திரும்பி வரவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் கையை விட்டுவிட்டாலும் எங்களுக்குப் பெரிய பயம் இருக்காது. வாசலில் போய் நின்றால் எப்படியும் ஆள் வந்து சேரும்.

அந்தப் பழக்கத்தில்தான், இராமேஸ்வரத்தில் வாடகை பஸ்ஸில் ஏறின அன்று காலமை என்ர மனிசன் எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று சொன்னார்.

"கேளுங்கோ. ஆராவது கூட்டத்திலை பிரிஞ்சால் அங்க இஞ்ச ஓடித் தேடப்படாது. கோயில் வாசலிலை போய் அசையாமல் நில்லுங்கோ. நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு போவம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திருகோணமலை ஆக்கள். ஓம் என்று தலையாட்டினோம். ஒருத்தருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

பெரிய புயல் அடித்து ஊர் கொஞ்சம் நிமிர்ந்திருந்த காலம் அது. என்ர மனிசனுக்குத் துறைமுக டொக்யாட்டில் இயந்திரம் பொருத்துகிற பிற்றர் வேலை. கூட வேலை செய்தவர்களின் குடும்பங்களும் எங்கட தெருக்காரருமாகச் சேர்ந்து, ரயிலில் தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனோம். அங்கே ஒரு பஸ் பிடித்து மதுரை, பழனி, ஸ்ரீரங்கம், கும்பகோணம், சிதம்பரம் என்று பார்த்துவரத் திட்டம். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். புது ஆக்களோடு கதைக்க நாக்கு எழும்பாது. யன்னல் பக்கத்தில் இடம் கிடைத்ததே எனக்குக் காணும் என்று இருந்தேன்.

எங்களோடு மச்சாள் வந்தாள். மச்சாள் என்றால் என்ர மனிசனின் ஒரே தங்கச்சி. தாய் தகப்பன் இல்லாமல் இவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், வேலை. அவருக்கும் தாய் இல்லை, பெரியம்மாதான் வளர்த்தவ. அந்தப் பெரியம்மாவும் எங்கட பஸ்ஸில் வந்தா. கோயில் கும்பிடுவது ஒன்று, வரும் வழியில் கும்பகோணத்தில் மச்சாளின் நிறத்துக்குப் பார்த்துக் கூறைச்சேலை எடுப்பது மற்றது. ஊர் திரும்பின உடனே நாள் வைப்பதாக இருந்தது.

பெரியம்மா நல்ல உயரம். வாயில் எப்பவும் வெற்றிலை. குரல் பஸ்ஸின் பின் கதிரை வரைக்கும் கேட்கும்.

"பிள்ளை, என்ர பெடியன் குறட்டை விடுவான். பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்" என்றா.

"நானும் விடுவன் மாமி" என்றாள் மச்சாள்.

பஸ் முழுக்கச் சிரித்தது. என்ர மனிசன் மட்டும் திரும்பி, "வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்று தங்கச்சியை முறைத்தார். கலியாணம் முடியும் மட்டும் அவருக்கு நெஞ்சிடி. அவள் சிரித்தாலும் பயம், சிரிக்காமல் இருந்தாலும் பயம்.

இராமேஸ்வரம் கோயிலின் நீளப் பிரகாரத்தில் நடக்கும்போது அவர் ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டே வந்தார். இரும்போடு வேலை செய்கிற கை. "எங்கட கோயிலும் உப்பிடித்தான் இருந்திருக்கும். பறங்கி இடிச்சுக் கடலுக்குள்ள தள்ளிப்போட்டான்" என்றார். எனக்கும் அழுகை வந்தது. அதுதான் அந்தப் பயணத்தில் அவர் சந்தோசமாக, அல்லாவிட்டால் சந்தோசத்தோடு துக்கமாக, இருந்த கடைசி நேரம் என்று சொல்லவேண்டும்.

மதுரைக்குப் போகிற பாதையில் வெயில் எரித்தது. தண்ணீர் இல்லாத ஆறுகளும் பனைகளுமாகப் போய், தூரத்தில் கோபுரங்கள் தெரிந்ததும் எல்லாரும் எழும்பிக் கும்பிட்டோம். அடுத்த நாள் காலமை கிழக்கு வாசலால் உள்ளே போனோம். செருப்புகளை அந்த வாசலடிக் கடையில் விட்டோம். உள்ளே என்ன சனம்! ஒரு ஊரே கூரைக்குக் கீழே நடப்பதுபோல் இருந்தது. அம்மனைக் கும்பிட்டு, பொற்றாமரைக் குளத்தடியில் இருந்து இளைப்பாறி, பிறகு தட்டினால் சத்தம் வருகிற கல்தூண்களைப் பார்க்கப் போனோம். மச்சாள் அந்தத் தூணில் காதை வைத்து, விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள். "வா, வா" என்று இவர் முன்னால் போனார். நான் அவருக்குப் பின்னால். அவள் வருகிறாள் என்றுதான் நினைத்தோம்.

வளையல் கடையடிக்கு வந்து திரும்பினால் மச்சாளைக் காணவில்லை.

முதலில் ஒருத்தரும் பதறவில்லை. "வாசலுக்கு வருவாள்" என்று கிழக்கு வாசலில் போய், எங்கட செருப்புகளை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றோம். அவள் வரவில்லை. இவர் திரும்ப உள்ளே ஓடினார். நடை சாத்துகிற நேரம் என்று எல்லாரையும் வெளியே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். இவர் வெளியே வரும்போது முகம் சாம்பல் பூசினது மாதிரி இருந்தது.

"சத்திரத்துக்குப் போயிருப்பாளோ?"

"வழி தெரியாதே அவளுக்கு" என்றேன்.

"நீர் இஞ்ச நில்லும்" என்று சொல்லிவிட்டுச் சத்திரத்துக்கு ஓடினார். மற்ற ஆம்பிளைகளும் பஸ் நிற்குமிடம், கடைத்தெரு என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பெண்டுகள் வாசலில் நின்று ஒருத்தியின் காதில் ஒருத்தி ஏதோ சொன்னார்கள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. தெரியாத பட்டினம். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கு ஒன்றும் நடக்காவிட்டாலும் அந்தக் கதையே காணும் கலியாணத்தைக் கலைக்க. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கனநேரம் போயிற்று. பெரியம்மாதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினா. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்க் கேட்டா.

"தங்கச்சி, உந்தக் கோயிலுக்கு எத்தினை வாசல்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "நீங்க சிலோனா? நாலு பக்கமும் வாசல் இருக்கும்மா. எந்த வாசல்ல விட்டீங்க?"

பெரியம்மா என்னைப் பார்த்தா. நான் அவவைப் பார்த்தேன். அவ என்ர கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தா. மதிலைச் சுற்றி அந்த வெயிலில் நடந்தோம். ஒரு மூலை திரும்பினதும் வடக்குக் கோபுரம். சாத்தின பெரிய கதவோடு ஒட்டிக்கொண்டு மச்சாள் நின்றாள்.

நின்றாள் என்று சொல்கிறேன். உண்மையில் ஒரு காலை மற்றக் காலுக்கு மேல் வைத்து, பிறகு மாற்றி வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய செருப்பு கிழக்கு வாசலில். கால் வைத்தால் சுடுகிற கல். கொஞ்சத் தூரத்தில் ஒரு நிழல் இருந்தது. அதற்குப் போகவில்லை.

"நிழலிலை நிண்டிருக்கலாமே பிள்ளை" என்றா பெரியம்மா.

"அண்ணை அசையாமல் நிக்கச் சொன்னவர்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

பெரியம்மா தன் செருப்பைக் கழற்றி அவளுக்குப் போட்டா. தான் வெறுங்காலோடு, "ஆ, ஊ, மீனாட்சித் தாயே, என்ர கால்" என்று துள்ளித் துள்ளி வந்தா. அழுதுகொண்டிருந்த மச்சாளே சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்போடுதான் கிழக்கு வாசலுக்கு வந்தோம். சத்திரத்தில் இருந்து ஓடிவந்த என்ர மனிசன் கண்டதும் அந்தச் சிரிப்பைத்தான். ஒரு சொல் கேட்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவளுடைய கன்னத்தில் அடித்தார்.

"எங்கயடி போனனி?"

மச்சாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா வாயைத் திறந்தா. பிறகு மூடிக்கொண்டா. அவரைத் தாண்டிப் போய் பஸ்ஸில் முன் கதிரையில் இருந்தா. அதற்குப் பிறகு இவரோடு அவ ஒரு வார்த்தை பேசவில்லை.

பழனியில் பேசவில்லை. ஸ்ரீரங்கத்தில் இவர் தேத்தண்ணீர் வாங்கிக் கொண்டுபோய் நீட்டினார். கையால் வேண்டாம் என்று காட்டினா. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபுரம் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சுது" என்றார் என்னிடம். "ஊருக்குப் போன உடன சொல்லிப்போடுவா. சனம் கைகால் வைச்சுக் கதைக்கும்."

நான் கண்டது வேறு. ஒவ்வொரு சத்திரத்திலும் பெரியம்மா மச்சாளின் உள்ளங்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசினா. "இந்தக் காலோட ஒருத்தி எங்க ஓடியிருப்பாள்? விசரன்" என்று தனக்குள் சொன்னதும் என்ர காதில் விழுந்தது. அதை இவருக்குச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அவ பிள்ளையோட கோவமில்லை. உங்களோடதான் கோவம், நீங்கள் அடிச்சதுக்கு. அவ ஊரிலை ஒண்டும் சொல்லமாட்டா."

"உமக்கென்ன தெரியும்?"

கும்பகோணத்தில் கூறை எடுத்தார்கள். பெரியம்மா மச்சாளைப் பக்கத்தில் இருத்தி, சேலைகளை அவள் தோளில் போட்டுப் போட்டுப் பார்த்தா. கடைசியில் குங்கும நிறத்தில் ஒன்று. அதைக் காட்டி, "பாருங்கோ, எடுத்திட்டா. இனியென்ன பயம்?" என்றேன் இவருக்கு.

"பெடியனுக்கு வேற இடத்திலை பொம்பிளை பாத்தாலும் உந்தச் சேலை உதவும்" என்றார். அந்தச் சொல் என்ர நெஞ்சில் இடித்தது. சிதம்பரத்தில் எல்லாரும் நடராசரைப் பார்த்து உருகினார்கள். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வந்து பெட்டிகூட அவிழ்க்கவில்லை. மற்ற நாள் காலமை இவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"எங்க?"

"மாப்பிள்ளை வீட்டை. அவ சொல்ல முந்தி நான் சொல்லவேணும். மறைச்சதெண்டு வரப்படாது."

"வேண்டாம்" என்றேன். "பெரியம்மாவிட்டை முதல் கேளுங்கோ." படலை வரைக்கும் பின்னால் போய்ச் சொன்னேன். அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அங்கே நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பன் கதிரை போட்டு, பயணம் எப்படி என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. பெரியம்மா வீட்டுக்கு வந்து கோயில் கதைகளும் தான் குளிக்கப்போய் வழுக்கி விழுந்த கதையும்தான் சொல்லியிருக்கிறா. இவர் போய், தங்கச்சி மதுரையில் தவறிப்போனாள், ஆனால் பிழை ஒன்றும் நடக்கவில்லை, வாசலில்தான் நின்றவள் என்று விளக்கம் சொல்லச் சொல்ல அந்த மனிசனின் முகம் மாறிக்கொண்டே வந்ததாம்.

"எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாராம்.

இவரும் நேர்மையாக, மத்தியானத்திலிருந்து பின்னேரம் மட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து, கலியாணம் வேண்டாம் என்று ஆள் வந்தது. சாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், பொருத்தம் குறைவாம்.

அதற்கு அடுத்த நாள் பெரியம்மா வந்தா. உள்ளே வரவில்லை. படலையில் நின்றே கத்தினா.

"தம்பி, நான் வாய் திறந்தனானோ? கால் கொதிக்கக் கொதிக்க நிண்ட பிள்ளையைக் கைநீட்டி அடிச்சியே, அந்தக் கோவத்திலைதான் உன்னோட கதைக்கேல்லை. நீ ஏன் போய்ச் சொன்னனி? நான் இனி ஆருக்கு என்னெண்டு விளங்கப்படுத்த?"

பெரியம்மா பையில் இருந்து அந்தக் குங்குமச் சேலையை எடுத்து என்ர கையில் வைத்தா. "இது உவளின்ர நிறத்துக்கு எடுத்தது. வேற ஆருக்கும் குடுக்க எனக்கு ஏலாது" என்றா. மச்சாள் குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். வெளியே வரவில்லை.

பிறகும் இடங்கள் வந்தன. கப்பல்துறைப் பக்கத்தில் இருந்து ஒன்று, சம்பூரில் இருந்து ஒன்று. எங்கேயோ ஒரு இடத்தில், "உது இந்தியாவிலை துலைஞ்ச பிள்ளையல்லோ" என்று கேட்டுவிடுவார்கள். கடைசியாக வந்தவர்களிடம் மச்சாளே தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, "ஓம், அது நான்தான். குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொன்னாள். அதோடு சரி. எங்களோடேயே இருந்தாள். அண்ணனோடு சண்டை பிடிக்கவில்லை. அவருக்குச் சோறு போட்டாள், சட்டை தைத்தாள். அந்த அடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சேலை அலுமாரியில் அடித்தட்டில் கிடந்தது. இதை எழுதட்டோ என்று அவளைத்தான் முதலில் கேட்டேன். "எழுதுங்கோ. ஆனால் நாலு வாசல் எண்டதை விடாமல் எழுதுங்கோ" என்றாள்.

அந்தப் பயணத்துக்கு அடுத்த வருஷம் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு மூன்று பேரும் போனோம். கோயில் வாசலில் இவர் நின்றுவிட்டார்.

"நீங்கள் ரெண்டு பேரும் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ. நான் இஞ்ச நிக்கிறன்."

அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான். உள்ளே வரமாட்டார். நாங்கள் வெளியே வரும் மட்டும் சனத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். இருக்கிற ஒரே வாசலில் அவருக்கு அவ்வளவு பயம். டொக்யாட்டு ஆக்கள் பகிடி பண்ணினார்கள். "என்ன, கோயிலுக்கும் காவல் வேலையோ?"

ஒரு வருஷம் மச்சாளும் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் இவவோட உள்ள போங்கோ. நான் இஞ்ச நிக்கிறன்."

"வேண்டாம், வேண்டாம். நீ போ."

"நிக்கிறன் எண்டால் நிப்பன். உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் குனிந்து அவளுடைய காலைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு என்னோடு உள்ளே வந்தார். மணி அடித்தது. திரை விலகப் போகிற நேரம். இவர் திரும்பி, வருகிற சனத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

மச்சாள் நின்ற இடத்திலேயே நின்றாள். கடல்காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றதும் அவருடைய நெற்றியைப் பார்த்தாள்.

"திருநீறு எங்க?"

அவரிடம் இல்லை.

"போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. எனக்கும் கொஞ்சம்."

அவர் திரும்பவும் உள்ளே போனார். இந்த முறையும் ஓடித்தான் வந்தார். பாதித் திருநீறு வழியில் கொட்டியிருந்தது.