விசில் மேல் போட்ட பழி

நாலைந்து வருடம் இருக்கும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் அப்போதும் நான் கண்டக்டர், இப்போதும் கண்டக்டர்தான். எங்கள் தொழிலில் தொண்டையைவிட விசில் முக்கியம். ஒன்று அடித்தால் டிரைவர் நிறுத்துவார், இரண்டு அடித்தால் வண்டியை எடுப்பார்.

அந்தச் சமயம் என் விசில் சரியாகவே சத்தம் போடவில்லை. மட்டமான சரக்கு என்று வேறொன்று வாங்கினேன். அதுவும் புஸ்ஸென்றது. பித்தளையில் வாங்கியும் அதே கதைதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்படித்தான் நானும் விசில்களைத் திட்டித் தீர்த்தேன்.

ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலது பக்கமாக ஒழுகியது. என் முகத்தைத் திருப்பிப் பார்த்த மனைவி அழவே ஆரம்பித்துவிட்டாள். வலது பக்கம் லேசாக இறங்கியிருந்தது. பஸ் காற்று பட்ட முகவாதம், எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்றார்கள் தெருவில். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் எங்கள் வண்டி டிரைவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். லீவு போட்டுக் கூடவே வந்தார்.

திடீரென்று வந்ததா, மெதுவாக வந்ததா என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். இரண்டு நாளாகத்தான் என்று அடித்துச் சொன்னேன். டிரைவர் குறுக்கிட்டார்.

"இல்லம்மா. ஒரு வருசமாவே இவன் விசில் எனக்குச் சரியா கேக்கல. ஒரு பக்கமா காத்து போயிகினே கீது."

சாதாரண முகவாதம் ஓரிரு நாளில் வந்துவிடும், இப்படி மெல்ல மெல்ல வந்தால் நரம்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதினார். காதுக்குப் பின்னால் எலும்புக்குள், முகத்தை அசைக்கும் நரம்பிலேயே சின்னக் கட்டி. புற்று மாதிரி தெரியவில்லை, சாதுவான கட்டிதான் என்றார்.

உடனே வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"எடுத்தா நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டி வரலாம். வேற நரம்பை வெச்சுத் தைச்சாலும் இப்ப இருக்கிற அளவுக்கு முகம் திரும்பாது. அது சும்மா இருக்கிற வரைக்கும் நாமும் சும்மா இருப்போம்" என்றார். கட்டி வளர்ந்தாலோ, முகம் இன்னும் இறங்கினாலோ, காது மந்தமானாலோ அப்போது யோசிக்கலாமாம். மைத்துனன் பேச்சைக் கேட்டு இன்னொரு டாக்டரிடமும் போனோம். அவரும் அதையேதான் சொன்னார்.

இன்றுவரை அவ்வப்போது ஸ்கேன் எடுக்கிறேன். கட்டி வளரவில்லை. கண் காயாமல் இருக்கச் சொட்டு மருந்து, வாயின் இடது ஓரத்தில் விசில், அவ்வளவுதான். சிரிப்பு கொஞ்சம் கோணல். கல்யாணத்தன்றே அப்படித்தான் இருந்தது என்கிறாள் மனைவி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகொரு நாள் டிரைவரிடம் கேட்டேன்.

"தம் கட்டி ஊத முடியல போலன்னு நெனச்சேன் மாமே. கேட்டா உன் மனசு சங்கடப்படும். அதான் கண்ணாடியில உன்னைப் பாத்து வண்டிய எடுத்துகினு இருந்தேன்" என்றார்.

தினமும் கண்ணாடி முன் நின்று மீசை ஒதுக்கிய நான் கவனிக்காத குறையை, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் ஒரு வருடமாகத் தாங்கிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்.