மடங்கிய கைக்குத்தான் உதவி

முதலில் வந்தது நாற்றம். எனக்குப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு கெடவில்லை, நடையும் திரும்பியது. இடது கை மட்டும் நெஞ்சோடு ஒட்டி, நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. ஒரு நாள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது மூடிய விரல்களுக்குள்ளிருந்து அழுகல் வாடை வந்தது. மகள் இரண்டு கையாலும் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். நகங்கள் குத்தி உள்ளங்கை புண்ணாகியிருந்தது.

நான் மருதமுனையில் வீட்டிலிருந்து, பெண்கள் உடுப்புக்கு மேல் போடும் அபாயா தைப்பவள். துணியைத் திருப்புவதும் இழுத்துப் பிடிப்பதும் இடது கைதான். அது இல்லாமல் என் தொழில் இல்லை. கழிவறையில் சுத்தம் செய்வதற்கும் எங்களுக்கு இடது கைதான். அதை வலது கையால் செய்துவிட்டு, அதே கையால் சோற்றைப் பிசையும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. உங்களுக்கும் இப்படி இருந்தால், நீங்கள் தனியாள் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

அரசு ஆஸ்பத்திரி டொக்டர் கையைப் பிடித்து மெல்ல நீட்டிப் பார்த்தார். தசை இறுக்கம் (மூளையின் கட்டளை கெட்டு, தசை தானாகச் சுருங்கி நிற்பது) என்றார்.

"ஊசி இரிக்கும்மா. தசைக்குள்ள போட்டா, நரம்பு அதை இறுக்காமக் கொஞ்ச நாளைக்குத் தடுக்கும். நான் போட்டு விடுறன், அதுக்குக் காசில்ல. மருந்துதான் எங்கிட்ட இல்ல, வெளிய வாங்கணும்."

விலையைச் சொன்னார். என் கணவர் ஓட்டோ ஓட்டுபவர். ஒரு மாதம் முழுக்க ஓடினாலும், பெற்றோலுக்குப் போக, ஒரு குப்பி வாங்க முடியாது. எனக்கு இரண்டு குப்பி தேவை.

"ஒருக்காப் போட்டாச் சுகமாகிருமா, டொக்டர்?" என்று கூட வந்திருந்த என் கணவர் கேட்டார்.

"இல்ல. மூணு நாலு மாசம் நிக்கும். பிறகு திரும்பவும் போடணும்."

இலவச மருத்துவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஊசியைக் குத்துவது இலவசம், ஊசிக்குள் இருக்கும் மருந்து இல்லை. இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, அவருடைய கை ஒரு வாரம் என் கை மாதிரி இருந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, "அது அழகுக்கு முகத்துல போடுற ஊசியாமே" என்றாள். ஓம், அதே மருந்துதான். என் உள்ளங்கைப் புண்ணை அவளுக்குக் காட்டினேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டாள்.

ஊரில் நோயாளிகளுக்குக் காசு சேர்த்துக் கொடுக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், சொந்தச் செலவில் அலைபவர்.

"முகம் வேணாம் ராத்தா, மறைச்சிருவம். கை மட்டும் தெரியணும். இன்னும் கொஞ்சம் மடக்கிக் காட்டுங்க."

மடக்கிக் காட்டினேன். முகத்தை மறைத்து என்ன, பின்னால் என் தையல் மெசின் அப்படியே படத்தில் விழுந்திருந்தது. ஊரே கண்டுபிடித்துவிட்டது. படத்தின் கீழே, 'இந்த ஊசி போட்டால் இச்சகோதரி பூரண குணமடைவார்' என்று எழுதியிருந்தார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். திருத்தச் சொன்னால் காசு வராதோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த பிழை அது.

கட்டாரில் வேலை செய்யும் ஊர்க்காரரிடமிருந்தும் காசு வந்தது. ஊசி போட்டார்கள். பத்தாம் நாள் வுழூவுக்குக் குழாயடியில் நின்றபோது விரல்கள் விட்டுக்கொடுத்தன. உள்ளங்கையில் தண்ணீர் ஓடியது. குழாயை மூடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பிசியோதெரபி (தசைகளை நீட்டி மடக்கிப் பழக்கும் பயிற்சி). ஆறாவது வாரம் ஒரு அபாயா தைத்தேன். ஓரம் கோணல்தான், ஆனால் நான் தைத்தது.

அந்தச் சந்தோசத்தில் கல்முனைக் கடைத்தெருவுக்கு நூல் வாங்கப் போனேன். பையை இடது கையில் பிடித்திருந்தேன். யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை, முகத்தை மறைக்கவும் இல்லை. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அது அதே குழுவில் வந்துவிட்டது. 'கை ஏலாதெண்டு காசு சேத்தது இவவுக்கா?'

மூன்றாம் மாதம் முடியப்போகும்போது செயலாளரைக் கூப்பிட்டு, திரும்பப் போட வேண்டும் என்றேன். அவர் என் கையையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப எப்பிடிக் கேக்குற ராத்தா? கை நல்லாத்தானே இரிக்கு. கொஞ்சம் மடங்கட்டும். பிறகு படமெடுத்துப் போடுவம்."

அவர் கேலி செய்யவில்லை. எனக்கு உதவத்தான் வழி சொன்னார். அதுதான் எனக்குக் கொதித்தது. நான் திரும்பவும் அழுகினால்தான் திரும்பவும் தகுதி பெறுவேன்.

அவர் போன பிறகு என் கணவர், "கொஞ்ச நாளைக்குக் கையை அபாயாக்குள்ளயே வச்சிரன்" என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை, அவரும் களைத்துவிட்டார். ஒரு வாரம் வெளியே அப்படித்தான் போனேன், விரல்களை நானே மடக்கிக்கொண்டு. ஒரு நாள் ஆளில்லாத அடுக்களையிலும் கையை மடக்கி வைத்திருந்ததைக் கண்டேன். மூடி வைத்தால் தசை குறுகும் என்று டொக்டர் சொன்னது நினைவு வந்தது. காசு கொடுத்துத் திறந்த கையை, ஊரின் வாய்க்குப் பயந்து நானே மூடிக்கொண்டிருந்தேன்.

கையை மறைப்பதை அன்றோடு விட்டேன். இந்த ஊசி உங்களுக்கும் சொல்லப்பட்டால், அடுத்தது எப்போது, அதற்கு வழி என்ன என்று முதல் நாளே கேளுங்கள். உதவி கேட்டால் உண்மையை எழுதச் சொல்லுங்கள்: இது சுகமாக்கும் மருந்தல்ல, தாங்கிப் பிடிக்கும் மருந்து. காசு குறைவாக வந்தாலும் பரவாயில்லை.

மாதக் கணக்கு எனக்கு இப்போது கலண்டரில் இல்லை, விரல்களில் இருக்கிறது. சின்ன விரல் மடங்கத் தொடங்கிவிட்டது. மற்றவை மடங்குவதற்குள் தைக்கிறேன், கையைத் திறக்கும் ஊசிக்காக. ஒரு குப்பிக்காவது சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

இந்தக் கட்டுரையோடு போடக் கையின் படம் ஒன்றை, இதை வெளியிடுபவர்கள் கேட்டார்கள். திறந்த கையா, மடங்கிய கையா என்று கேட்டேன். மடங்கியது இருந்தால் நல்லது என்றார்கள்.

நான் அனுப்பவில்லை.