பத்து மாத வீடு

எங்களை வெளியாட்கள் என்று சொன்னது நீங்கள்தான். நகர் நலச்சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மைக்கில் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

நான் இதே வட்டாரத்துச் சுரக்குடிக்காரி. அப்பா குத்தகைக்குப் பார்த்த வயலை அதன் சொந்தக்காரர் மனை போட்டு விற்றபோது, வயலோரம் இருந்த எங்கள் வீடும் போனது. கல்யாணமாகி, தலத்தெரு ஊரில், உங்கள் நகரில் வாடகைக்கு வந்தோம். வீட்டுக்கார அம்மா பிரான்சில் இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவர் குடும்பத்தோடு விடுமுறைக்கு வருவார். 'வக்கான்ஸ்' என்பார். அந்த இரண்டு மாதமும் நாங்கள் வெளியே போய்விட வேண்டும். எங்கள் சம்பளத்துக்கு அந்த நகரில் இப்படிப்பட்ட வீடுதான் கிடைக்கும். அங்கே பாதிப் பேர் இப்படிக் குடியிருந்தவர்கள்தான்.

வருஷா வருஷம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு நெரவியில் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். "நம்ம வீட்டுக்கு எப்பம்மா போவோம்?" என்று மகள் கேட்பாள். "அது நம்ம வீடுன்னு உனக்கு யாருடி சொன்னா?" என்று அவள்மேல் எரிந்து விழுவேன். என் கோபம் அவள்மேல் இல்லை.

நகருக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில் வீடில்லாதவர்களுக்கு அரசு அடுக்குமாடி கட்டப் போவதாகத் தெரிந்ததும் விண்ணப்பித்தோம். நீங்கள் எதிர்த்து மனு எழுதினீர்கள். வெளியாட்கள் வந்தால் இங்கே வாழ்கிறவர்களின் நிம்மதி போய்விடுமாம். ஆகஸ்டில், பிரான்சிலிருந்து வீட்டுக்காரர்கள் வந்து நகர் நிறைந்திருந்த நேரத்தில், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினீர்கள். அதுதான் உங்கள் தப்பு. அதிகாரி விசாரிக்க வந்ததோ ஐப்பசி மழையில்.

குடை பிடித்து அவரை நீங்களே அழைத்து வந்தீர்கள். முதல் வீடு பூட்டு. அடுத்ததும் பூட்டு. அடுத்த வீட்டில் நான் கதவைத் திறந்தேன்.

"மனுவுல கையெழுத்துப் போட்டது நீங்களாம்மா?"

"இல்லீங்க. அது வீட்டுக்காரம்மா. ஜூலையில வருவாங்க. நான் இங்க குடியிருக்கறவ. எங்கிட்ட யாரும் கேக்கலீங்க."

எதிர்வீட்டில் குடியிருந்த அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். "பக்கத்து வீட்டுப் பூட்டுகிட்டக் கேளுங்க சார். பன்னெண்டு மாசமும் ஊர்ல இருக்கறது அதுதான்!"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்களைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டவங்கள்ல இப்ப இங்க இருக்கறது யாருங்க?"

"எல்லாரும் இந்த ஊர்ல சொந்த வீடு உள்ளவங்க சார்."

"சொந்தம் இருக்கட்டுங்க. இருக்கறவங்க யாரு?"

உங்கள் பெயரை மட்டும் சொன்னீர்கள். அதற்குள் குடியிருந்தவர்கள் எல்லாரும் மழையில் தெருவில் இறங்கிவிட்டோம். வீடு வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். நீங்கள் குடையைத் திருப்பிக்கொண்டு நடந்தீர்கள். அந்த முதுகைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் மனு நிற்கவில்லை. கட்டடம் எழுந்து நின்றது. இரண்டாம் மாடியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. அந்த ஜூலையில் நான் ஒரு கரண்டியைக்கூட நகர்த்தவில்லை. பழைய சாக்கைக் கிழித்து வாசலில் கால்மிதியாகப் போட்டேன். வக்கான்ஸ் வந்த வீட்டுக்கார அம்மா அதில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து காப்பி குடித்தார். "நம்ம வீட்டப் பாருங்க ஆன்ட்டி" என்று என் மகள் அறை அறையாக அவரை இழுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை.

இப்போது நகருக்கும் எங்கள் கட்டடத்துக்கும் நடுவே இரும்புக் கேட் போட வேண்டும் என்கிறீர்களாம். வெளியாட்கள் நடமாட்டமாம். போன மழையில் பூட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்துப் பிரான்சுக்குப் போன் போட்டவர்கள் நாங்கள்.

பொங்கல் விழாவுக்குத் தெருவில் மைக் கட்டுவீர்கள். நாங்கள் எல்லாரும் முன்வரிசையில் இருப்போம். எங்களை வெளியாட்கள் என்று சொன்ன அதே மைக்கில், தலத்தெரு முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: இந்த ஊரில் இருக்கிறவர்கள் யார்? வெளியாள் யார்?