வெள்ளைக் குட்டிக்கு இலக்கம் இல்லை

உயிருள்ள குதிரையை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரேயொரு முறைதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நெடுந்தீவுக்குச் சுற்றுலா போயிருந்தோம். வெயிலில் நின்ற ஒரு மண்ணிறக் குதிரை எங்களைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுபோல் திரும்பி நடந்தது. அவ்வளவுதான் எனக்கும் குதிரைக்குமான பழக்கம். ஆனாலும் இந்த ஐந்தாறு வருடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளை வரைந்திருக்கிறேன்.

சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கலியாண அழைப்பிதழ், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் பனர், செத்தவர்களின் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் கணினியில் நான்தான் செய்துகொடுப்பேன். பகல் முழுக்க அடுத்தவர்களின் முகங்களை வெட்டி, பின்னால் நீர்வீழ்ச்சி வைப்பதுதான் என் தொழில். பின்னேரம் உடுவில் வீட்டுக்கு வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்த பிறகுதான் எனக்காக எதையாவது வரைவேன். அப்படி ஒருநாள் தேடப்போய்த்தான் அந்த இணையக் குழுவில் சேர்ந்தேன்.

பல நாடுகளில் இருந்தும் சில நூறு பேர் அதில் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து, உலகத்தில் இல்லாத ஒரு குதிரை இனத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கத்தின் வாலைப்போல நுனியில் மட்டும் குஞ்சம், குளம்பை மூடும் மயிர், உள்நோக்கி வளைந்த காது. யாரும் நினைத்தபடி ஒரு குதிரையை வரைந்து இது என்னுடையது என்று சொல்லிவிட முடியாது. பதிவிலக்கம் உள்ள இரண்டு குதிரைகளுக்குத்தான் குட்டி பிறக்கும். இரண்டின் உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். மூன்று தலைமுறைக்குள் இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருக்கக்கூடாது. குட்டியின் நிறத்தை நாங்கள் தீர்மானிப்பதில்லை. குழுவை நடத்தும் அட்மின், தாயின் மரபணுக்களையும் தந்தையின் மரபணுக்களையும் எடுத்து, தாயக்கட்டை உருட்டுவதுபோல் கணினியில் உருட்டி, வந்ததைச் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் எங்கள் கைவேலை. கறுப்பு வந்தால் கறுப்பு. காலில் வெள்ளை முழங்கால் வரை என்று வந்தால், அதற்கு மேல் ஒரு பொட்டு வெள்ளை போனாலும் படம் திரும்பி வரும். என்னுடைய முதல் குட்டி மூன்று தரம் திரும்பி வந்தது.

எனக்கு அந்தக் கண்டிப்புத்தான் பிடித்தது. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டோடு நின்றவள் நான். பட்டாணிச் செடியின் பச்சைக்கும் மஞ்சளுக்கும் கட்டம் போட்டுக் கணக்குச் செய்தது மனதில் அப்படியே கிடந்தது. இங்கே அந்தக் கட்டங்களுக்குப் பிடரியும் குளம்பும் முளைத்திருந்தன.

என்னிடம் ஒரு செம்மண் நிறப் பெண்குதிரை இருந்தது. உடம்பில் வேறு அடையாளமே இல்லை, மூக்கில் மட்டும் விரல் நுனியளவு வெள்ளை. அதற்குச் சோடியாக, விலாவில் உடைந்த கண்ணாடிபோல் வெள்ளைத் திட்டுக்கள் உள்ள ஓர் ஆண்குதிரையைக் கேட்டேன். அதன் சொந்தக்காரி சம்மதித்தாள். ஆனால் அட்மின் மறுத்துவிட்டார். "மன்னிக்கவும். இரண்டுமே பனித்திட்டு மரபணுவைக் காவுகின்றன. விதியைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

பார்த்தேன். பனித்திட்டு என்பது அந்தக் குழுவில் எல்லோரும் ஆசைப்படும் மரபணு. ஒன்று இருந்தால் குதிரை அழகு. சிலவற்றில், என் குதிரையில் போல, ஒரு சின்னப் பொட்டுக்கு மேல் வெளியில் தெரியாது. இரண்டு பக்கத்தாலும் வந்து சேர்ந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும், சில நாட்களில் இறந்துபோகும். இப்படியான இரண்டைச் சோடி சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு அந்த ஆபத்து. உண்மையான குதிரைகளிலும் இதுபோல ஒன்று இருக்கிறதாம். ஆகவே அப்படிச் சோடி சேர்க்கக்கூடாது. கடைசி வரியில், வெள்ளைக் குட்டிக்குப் பதிவிலக்கம் கிடையாது, அதை வரைந்து போடவும் அனுமதி இல்லை என்றிருந்தது.

கடைசி வரியை இன்னொருமுறை வாசித்தேன். எனக்கு ஓர் அக்கா இருந்தாள்.

அவள் செத்தபோது எனக்கு ஐந்து வயது. வெளிறிய முகமும், மெலிந்த கைகால்களும், பெரிய வயிறும் ஞாபகம் இருக்கிறது. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். வந்த கையோடு இரண்டு நாளைக்கு என்னோடு ஓடிப்பிடித்து விளையாடுவாள், பிறகு மெல்ல மெல்லச் சோர்ந்து பாயில் கிடப்பாள். சண்டையால் பாதை மூடியிருந்த காலம் அது. எல்லா நேரமும் எல்லாம் கிடைக்கவில்லை. "ரத்தம் ஊறாத வருத்தம்" என்று வீட்டில் சொல்லுவார்கள். அதற்கு மேல் யாரும் கதைப்பதில்லை. என் அப்பாவும் அம்மாவும் சொந்த மச்சானும் மச்சாளும். அப்பா போய் இப்போது நாலு வருடமாகிறது.

உயிரியல் வகுப்பில் இதையெல்லாம் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியுமிருக்கிறேன். அது எங்கள் வீட்டைப் பற்றிய பாடம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. மூக்கில் வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு குதிரைக்குச் சோடி மறுத்த பிறகுதான் தோன்றியது.

அந்த மாதத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணை, சாவகச்சேரியில் இருப்பவர். அவருடைய மகனுக்கு என்னைக் கேட்டார். அத்தான் நில அளவையாளராக இருந்தார். அமைதியானவர், சிரிக்கும்போது மட்டும் சத்தமாகச் சிரிப்பார். எனக்கு மறுப்பு இல்லை. உள்ளுக்குள் சந்தோசம்தான். சாதகமும் நன்றாகப் பொருந்தியிருந்தது. அம்மா அன்று இரண்டு தரம் கோயிலுக்குப் போய் வந்தா.

ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா குசினி அடுப்படியில் குந்தியிருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அம்மா, சம்மதம் சொல்ல முதல் நானும் அத்தானும் ரத்தம் சோதிக்கோணும்."

"ஏன், உனக்கு என்ன வருத்தம்?"

"எனக்கு ஒண்டுமில்லை. அக்காவுக்கு வந்தது எங்கடை ரத்தத்திலை இருக்கோ எண்டு பாக்க."

அம்மாவின் கை நின்றது. "உனக்கு உதை ஆர் சொன்னது?"

நான் குதிரைக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே பிழையான இடத்தில் தொடங்கிவிட்டேன் என்று விளங்கியது.

"குதிரை கீறுற ஆக்கள் சொல்லித்தான் என்ரை பிள்ளை செத்த காரணம் எனக்குத் தெரியோணுமோ?" என்றா. பிறகு, மிக மெதுவாக, "நாங்கள் ரெண்டு பேரும் சேந்து அவளைக் கொண்டுபோட்டம் எண்டு சொல்லுறாய், என்ன?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா."

அம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டா. இலைகள் சுளகில் அப்படியே கிடந்தன. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் போட்டு மூடி வைத்திருந்தா.

அம்மாவிடம் கேட்டு அத்தானிடம் போவது நடக்காது என்று தெரிந்ததும் நானே அவருக்குத் தொலைபேசியில் எடுத்தேன். சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கூல்பாரில் சந்தித்தோம். மேசையில் இரண்டு பழச்சாறு வைத்துக்கொண்டு, இந்த முறை அக்காவில் தொடங்கினேன். குதிரையைக் கடைசியில்தான் சொன்னேன்.

கேட்டு முடித்தவர் சிரிக்கவில்லை. "நீர் சொல்லுறது எனக்கு விளங்குது. வாற கிழமை லீவு போடுறன். நீரும் வாரும், சேந்து குடுப்பம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் குதிரையைக் காட்டும் பாப்பம்" என்று கேட்டார். கைத்தொலைபேசியில் காட்டினேன். மூக்கின் வெள்ளையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இவ்வளவு சின்னப் பொட்டு" என்றார்.

நான் அவரை உண்மையில் விரும்பத் தொடங்கியது அந்தக் கூல்பாரில்தான் என்று நினைக்கிறேன். அதுதான் பிறகு கஷ்டமாக இருந்தது.

ரத்தச் சோதனையின் மறுமொழி வரச் சில கிழமைகள் எடுத்தன. இருவருமே அந்த மரபணுவைக் காவுகிற காவிகள். வைத்தியர் இளம் பெண். பொறுமையாகக் கடதாசியில் நாலு வட்டம் போட்டு, ஒன்றை நிறம் தீட்டி விளக்கினார். உங்கள் இருவருக்கும் ஒரு வருத்தமும் வராது, இது நோயில்லை, முடிவு உங்களுடையது, கருவிலேயே பார்க்கும் வழிகளும் சில நாடுகளில் இருக்கின்றன என்றார். வெளியே வேப்பமரத்தடியில் அத்தான் மோட்டார்சைக்கிள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"நீர் சொல்லும். நீர் ஓம் எண்டால் நானும் ஓம்."

"நான் அக்காவைப் பாத்தனான், அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். அத்தோடு அந்தக் கலியாணப் பேச்சு முடிந்தது. என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டார். படலையில் இறங்கும்போது, "மருந்து இல்லாத வருத்தத்துக்கு ஆரையும் கோவிக்கேலாது" என்றார். எனக்குச் சொன்னாரோ, தனக்குச் சொன்னாரோ தெரியாது. அன்று முழுவதும் அழுதேன்.

மாமா வீட்டில் பெரிய குழப்பம். எங்கள் ரத்தத்தில் குறை என்று ஊரெல்லாம் தெரிந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு எப்படிச் சம்பந்தம் வரும் என்று மாமா தொலைபேசியில் சத்தம் போட்டார். அம்மா ரிசீவரைக் காதோடு வைத்துக் கடைசிவரை கேட்டா. வைத்த பிறகு என் அறைக்கு வந்தா. நான் வேலைக்காக ஒரு பனர் செய்துகொண்டிருந்தேன்.

"அந்தக் குதிரையளை எனக்குக் காட்டு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் இருந்துவிட்டா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வரையத்தான் தெரிந்தது. மேலே தாயும் தந்தையும், கீழே நாலு குட்டி. ஒன்று தனிச் செம்மண் நிறம், எதுவும் காவாது. இரண்டுக்கு மூக்கில் பொட்டு, நானும் அத்தானும்போல. நாலாவது வெள்ளை.

"அப்ப, ரெண்டு பேரிலையும் பாதிப் பாதி இருந்தது. அப்பாவிலையும், என்னிலையும்."

"ஓம் அம்மா."

"அவளுக்கு ரத்தம் ஏத்தின டொக்டர் அப்பவே சொன்னவர், உங்கள் ரெண்டு பேரிலையும் இருந்துதான் வந்தது எண்டு. நான் அதை ஏச்சாத்தான் எடுத்தனான். பிறகு அந்தப் பக்கமே யோசிக்கேல்லை." கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் இழுத்துவிட்டா. "அவள் வயித்திலை இருக்கேக்கை கோயிலுக்கு வாறன் எண்டு ஒரு நேத்தி வச்சனான். சண்டையாலை போகக் கிடைக்கேல்லை. அதாலைதான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

இதை அவ யாருக்கும் சொன்னதில்லை. அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லையாம். இருபத்தைந்து வருடத்துக்குக் கிட்ட ஒரு மனுசி இதைத் தனியே சுமந்திருக்கிறா. நான் அதே வீட்டில் அடுத்த அறையில் குதிரைக்கு மரபணு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா திரையைக் கிட்டப்போய்ப் பார்த்தா. "இந்த வெள்ளைக்கு அவை என்ன செய்வினம்?"

"அதுக்கு இலக்கம் குடுக்க மாட்டினம். கீறவும் விட மாட்டினம்."

"கீறாமல் விட்டால் பிறக்கேல்லை எண்டு ஆகுமோ?"

அம்மா வெள்ளைக் குட்டியின் முகத்தில் விரலை வைத்தா.

"மற்ற மூண்டுக்கும் கண் வச்சிருக்கிறாய். இதுக்கு ஏன் வைக்கேல்லை?"

"அவசரத்திலை கீறினது அம்மா."

"வை."

வைத்தேன். அம்மா பக்கத்தில் நின்று, இமை கொஞ்சம் நீளம், காது இன்னும் பெரிது, அவளுக்குக் காது பெரிதுதானே என்று சொல்லச் சொல்லத் திருத்தினேன். அது ஒரு நல்ல குட்டியாக வந்தது. கால்கள் மெலிவு, வயிறு பெரிது, ஆனால் ஓடத் தயாராக நின்றது. அம்மா அழவில்லை. "இப்பிடித்தான் நிப்பாள்" என்று மட்டும் சொன்னா.

அந்தப் படத்தை நான் குழுவில் போடவில்லை. ஆனால் அட்மினுக்கு எழுதினேன். வெள்ளைக் குட்டியை வரையக்கூடாது என்பதை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. துயரத்தைக் காட்டி மற்றவர்களைக் கவர்வதைத் தடுக்க வைத்த விதி அது என்று எனக்கு விளங்கியிருந்தது. ஏன் இந்தச் சோடியை மறுக்கிறோம் என்பதை இரண்டு வரியில் சொல்லாமல், மனிதர்களிலும் இப்படி நடக்கும் என்பதையும் சேர்த்து விரிவாக எழுதினால் என்ன என்று கேட்டேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுமொழி வந்தது. "பெரும்பாலானோர் வாசிக்காமல் கடந்துபோவார்கள். ஆனாலும் நீங்களே எழுதுங்கள்" என்றிருந்தது. எழுதினேன். அந்தப் பந்தி இப்போதும் அங்கே இருக்கிறது. யார் எழுதியது என்று அதில் இல்லை.

அத்தான் அடுத்த வருடம் தெல்லிப்பழையில் ஓர் ஆசிரியையைக் கலியாணம் செய்தார். சம்பந்தம் பேசிய முதல் நாளே அவளையும் சோதிக்கச் சொன்னாராம். அவள் காவி இல்லை. கலியாண அழைப்பிதழ் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தார்கள். நான்தான் செய்தேன், ஓரத்தில் கொஞ்சம் பொன் நிறம் கூடுதலாகவே வைத்தேன். நெஞ்சு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு மகள் பிறந்து, முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கியபோது, கன்னம் சிவந்து, பசியில் வீடே அதிரக் கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவும் அன்று அம்மாவோடு கதைத்தார், முதலில் மழையைப் பற்றி.

எனக்கு இன்னும் ஒரு சம்பந்தமும் சரிவரவில்லை. வரும் இடங்களில் நானே முதலில் சொல்லிவிடுவதால் சிலர் திரும்பிப் போகிறார்கள். ஒருவர் சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

அம்மாதான் மாறிப்போனா. கோயில் வீதியில் யாராவது சம்பந்தம் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய், "சாதகத்தோடை ரத்தமும் பாருங்கோ" என்கிறா. சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள். சிலர் பின்னால் வந்து கேட்கிறார்கள். போன கிழமை எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரி மகளைக் கூட்டிக்கொண்டு படலையடியில் தயங்கித் தயங்கி நின்றா. ரத்தம் சோதிக்க எங்கே போய்க் கேட்பது, என்னவென்று சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லையாம். அம்மா உள்ளே வந்து சீலையை மாற்றினா, குடையை எடுத்தா, அடுப்பில் பருப்பு இருக்கிறது இறக்கிவிடு என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர்களோடு பஸ்ஸுக்கு நடந்தா.