கழுத்து ஒருவரிடம், உடம்பு ஒருவரிடம்

மெல்லிசைக் குழுவில் எல்லோரும் அவரைக் கீழ்க்கட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். அடிச்சுரம் கொடுக்கும் பாஸ் கிட்டார் வாசித்ததால் வந்த பெயர். பேசினாலும் குரல் அடிவயிற்றிலிருந்துதான் வரும் என்பதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. வார நாட்களில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்தக் குளிரில் வருடக்கணக்காக லீவரை இழுத்து இழுத்து வலது தோள்பட்டை பாதி இறுகிப்போயிருந்தது. சனி ஞாயிறுகளில் மண்டபங்களிலும் கம்பெனி விழாக்களிலும் வாசிப்பார்.

குழு அவருடைய மனைவியின் தம்பியுடையது. பாடுவது, நிகழ்ச்சி பிடிப்பது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது எல்லாம் அந்த மச்சினன்தான். இவர் டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு விழாத மூலையில் நிற்பார். அதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, மச்சினன் அவரைக் கழற்றிவிடும் வரை.

அது ஒரு மண்டபத்தின் பின்படிக்கட்டில் நடந்தது. நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் மச்சினன் வந்தான். புதிதாகச் சேர்ந்த கீபோர்டுக்காரன் இடது கையாலேயே பாஸ் பகுதியை வாசித்துவிடுகிறான், வண்டியிலும் ஓர் ஆள் இடம் மிச்சமாகும், அதனால் அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்றான். தன் வாசிப்பில் என்ன குறை என்று இவர் கேட்டார்.

"குறையெல்லாம் இல்ல மாமா. நீங்க வாசிக்கிறது யாருக்குக் கேக்குது? நீங்க நின்னாலும் ஒண்ணுதான், நிக்காட்டியும் ஒண்ணுதான்."

கூடவே, கிட்டார் குழுவின் சொத்து, அதை வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னான். அது உண்மைதான். ஆனால் போன வருடம் கம்பிகள் ஓடும் அதன் நீண்ட கழுத்து வளைந்துபோனபோது, புதுக் கழுத்தை வாங்கிப் பொருத்தியது இவர். கீழ்க்கட்டை பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். படியில் உட்கார்ந்து கம்பிகளைத் தளர்த்தினார். பின்பக்கத்துத் திருகாணிகளை நிதானமாகக் கழற்றி, கழுத்தை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கழுத்து என்னுது, உடம்பு உன்னுது. நல்லா வச்சுக்கோ."

பக்கத்தில் நின்ற டிரம்ஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சினன் பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு பேரையும் சேர்த்தே திட்டினாள். தம்பி புத்தி கெட்டவன், புருஷன் பிடிவாதக்காரர், நடுவில் மாட்டிக்கொண்டவள் தான் என்பது அவள் கட்சி. அலமாரியில் துணிகளுக்கு நடுவே அந்தக் கழுத்து நீட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வந்தது. "வீட்ல இப்ப ரெண்டு கழுத்து இருக்கு. எதைத் திருகுறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

கீழ்க்கட்டை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடையில் ஒரு முழு கிட்டார் வாங்கிவிடலாம். வாங்கினால் ஊரில் இருக்கும் ஆயிரம் கிட்டாரில் அதுவும் ஒன்று. மச்சினன் ஓர் ஏளனப் பார்வையோடு விட்டுவிடுவான். அதைவிட, தன் தோளுக்கும் தன் தொப்பைக்கும் அளவெடுத்துத் தானே ஓர் உடம்பு செய்தால் என்ன என்று தோன்றியது. இதில் கலை ஆர்வம் எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று அவரால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. வயிற்றெரிச்சல்தான் கொஞ்சம் தூக்கல்.

மரக்கடையில் கனமில்லாத வெளிர்நிறப் பலகைகள் இரண்டு வாங்கிவந்து, பக்கவாட்டில் பசை தடவி ஒட்டினார். அவற்றை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லை. பலகைகளைச் சுவருக்கும் கட்டில் காலுக்கும் நடுவே வைத்து, கார் ஜாக்கியால் முட்டுக்கொடுத்தார். பசை காயும் வரை அந்தக் கட்டிலில் யாரும் புரளக் கூடாது என்று உத்தரவு. மனைவி வேண்டுமென்றே புரண்டு படுத்தாள். ஒட்டு என்னவோ நன்றாகத்தான் பிடித்திருந்தது.

அட்டையில் வடிவம் வரைந்தபோது பழைய உடம்பு கையில் இல்லாதது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. கண்ணாடி முன் நின்று அட்டையை வயிற்றில் வைத்துப் பார்த்தார். தொப்பை முட்டும் இடத்தில் ஆழமாகக் குடைய வேண்டும், வலது கை படியும் மேல் விளிம்பைச் சரித்துச் சீவ வேண்டும், தோளில் இழுக்காதபடி, வார் மாட்டும் மேல்கொம்பு நீளமாக இருக்க வேண்டும். வெட்டி, வரைந்து, மறுபடி வெட்டி, கடைசியில் கிடைத்த வடிவம் பக்கவாட்டில் படுத்திருக்கும் வாத்து மாதிரி இருந்தது.

சேதி எப்படியோ மச்சினன் காதுக்குப் போய்விட்டது. அக்காவுக்குப் போன் செய்து, துணி துவைக்கிற பலகைக்குக் கம்பி கட்டப் போகிறாராமே என்று சிரித்தான். அவள் சும்மா இருந்திருப்பாள். ஆனால் பேச்சோடு பேச்சாக, உனக்குச் சங்கீதத்தைப் பற்றி என்ன தெரியும் அக்கா, நீ டீ போட்டுக் கொடுத்தவள்தானே என்று ஒரு வார்த்தை விட்டான். குழு தொடங்கிய காலத்தில் ஒத்திகை நடந்ததெல்லாம் அவள் வீட்டுக் கூடத்தில்தான். பாட்டு வரிகளை அவனுக்கு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். போனை வைத்துவிட்டு, அவர் வேலை செய்துகொண்டிருந்த பால்கனிக்கு வந்தாள்.

"செய்றதுதான் செய்றீங்க, அவன் வாயை மூடுற மாதிரி செய்ங்க. அரைகுறையா செஞ்சு என் மானத்தையும் சேர்த்து வாங்காதீங்க."

அதன்பின் வீட்டுக்குள் எதிர்ப்பு அடங்கியது. கீழ்வீட்டில் தொடங்கியது.

கீழ்வீட்டுக்காரர் அந்தக் குடியிருப்பின் செயலாளர். ஓய்வுபெற்றவர், தலைக்கு மேல் ஒரு நாற்காலி நகர்ந்தாலும் கம்பால் கூரையைத் தட்டுகிற ஆள். மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் மெஷினைத் தெரிந்த தச்சர் ஒருவரிடம் இரவல் வாங்கிவந்து கீழ்க்கட்டை ஓட்டியபோது அவர் கம்போடு நிற்கவில்லை. இரண்டு முறை மேலே வந்து கத்தினார். மரத்தூள் தன் வீட்டுச் சட்டைகளில் படிகிறது என்றார், அது உண்மையும்கூட. கீழ்க்கட்டை கதவைப் பாதி திறந்து, ஞாயிறு மதியம் யார் வீட்டில்தான் சத்தம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாத்தினார்.

மூன்றாவது முறை செயலாளர் மேலே வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பலகையில் இவர் வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கினார். மெஷின் நின்றது. கழுத்து உட்காரும் பள்ளத்தைக் கீழ்க்கட்டை அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, சுவிட்சை அணைக்காமலே மெஷினைப் பலகைமேல் வைத்துவிட்டு எட்டிப்பார்க்கப் போனார். பாடம் புகட்டியது போதும் என்று செயலாளர் ஃப்யூஸைத் திரும்பச் செருகினார். மெஷின் துள்ளி எழுந்து பலகைமேல் ஓடி, பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரைக் கடித்துக் குதறிவிட்டுத் தரையில் விழுந்தது.

கீழ்க்கட்டை அதைப் பார்த்தார். பிறகு படியிறங்கினார். மனைவி கீழே இறங்கி வருவதற்குள் இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். செயலாளரின் மூக்குக்கண்ணாடி படியில் கிடந்தது. இவர் வார்த்தையே இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தார். செயலாளர், படிக்காத முரடன், குடியிருப்புக்கே கேவலம் என்று கூவினார். அவள் நடுவில் புகுந்து கணவரைப் பின்னால் தள்ளினாள்.

"எம் புருஷனைத் திட்டுறதுக்கு நான் இருக்கேன் சார். அந்த வேலைய நான் யாருக்கும் குடுக்கிறதா இல்ல. இன்னொரு தடவை எங்க ஃப்யூஸ்ல கைய வச்சீங்கன்னா, மேல இருந்து மரத்தூள் மட்டும் விழாது."

மெஷின் அன்றோடு தச்சரிடம் திரும்பிப் போனது. மிச்சத்தைக் கையால்தான் செய்தார். குதறிய பக்கத்தை நேர்கோடாக வெட்டி எடுத்துவிட்டு, அதே பலகையில் மிஞ்சிய துண்டிலிருந்து ஒரு பட்டை சீவி அங்கே ஒட்டினார். உளியால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, கழுத்தைச் செருகிப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார். ஒரு நாள் திருகாணியே இல்லாமல், கழுத்தைப் பிடித்துத் தூக்கியபோது உடம்பும் கூடவே வந்தது. பட்டறையாகிவிட்ட பால்கனியில் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உப்புத்தாள் போடும் வேலைக்கு அவர் தோள் ஒத்துழைக்கவில்லை. மனைவி பிடுங்கிக்கொண்டாள். தம்பி சொன்னதை ஒவ்வொரு சொல்லாக நினைத்து நினைத்துத் தேய்த்தாள் போலிருக்கிறது, பின்பக்கம் கன்னம் மாதிரி வழவழப்பாகிவிட்டது. போதும் போதும், பலகையே மிஞ்சாது என்று கீழ்க்கட்டை தடுக்க வேண்டியிருந்தது.

கம்பிகள் போய்ச் சேரும் பிரிட்ஜை எங்கே பதிப்பது என்பதுதான் பெரிய பயம். அது கொஞ்சம் தள்ளிப்போனால் எந்தச் சுரமும் சேராது. கழுத்தின் நுனியிலிருந்து, குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் பன்னிரண்டாவது வரை ஒரு நூலால் அளந்து, அதே நூலை அங்கிருந்து மறுபக்கம் நீட்டிக் குறித்தார். இன்னொரு முறை அளந்துவிட்டுத் துளை போட்டார். கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப், ஒயர், குமிழ்கள் எல்லாம் வைத்து, எண்ணெய் பூசிக் காயவைத்து, ஒரு சாயங்காலம் கம்பி மாட்டி ஸ்பீக்கரில் செருகினார். அடிக் கம்பியை ஒருமுறை மீட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சமையலறையில் தட்டுகள் முனகின. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தி மீட்டியபோது அதே சுரம் மேலே துல்லியமாக ஒலித்தது. கீழேயிருந்து கம்பால் தட்டும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் ஒலியைக் கூட்டி வைத்தார்.

சில மாதங்களில் மச்சினன் வந்தான். பாட்டில் ஏதோ குறைகிறது, காலே ஆடவில்லை என்று இரண்டு இடங்களில் சொல்லிவிட்டார்களாம். உட்காரச் சொல்லாததால் நின்றபடியே, மூலையில் சாய்ந்திருந்த வாத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒட்டுப் போட்டது தெரியுது."

"தெரியட்டும்."

"அடுத்த வாரம் ஒரு நிகழ்ச்சி இருக்கு. இதை எடுத்துட்டு வந்துடுங்க மாமா."

படிக்கட்டில் யார் யார் முன்னால் சொன்னானோ அவர்கள் முன்னால், தான் சொன்னது தப்பு என்று சொன்னால் வருவதாகக் கீழ்க்கட்டை சொன்னார். அவன் பேச்சை மாற்றினான். சரி, அந்தக் கழுத்தையாவது கொடுங்கள், உடம்பு சும்மா கிடக்கிறது என்றான். முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இவர் கதவைக் காட்டினார். அவன் அக்காவைப் பார்த்தான். அவள், செருப்பை மறந்துவிடாதே என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப்பின் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. மச்சினன் குழு மூழ்கிவிடவும் இல்லை, கீபோர்டுக்காரனின் அந்த இடது கையோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கீழ்க்கட்டை ஒரு விளையாட்டு கிளப்பில் மூன்று பேர் கொண்ட சின்னக் குழுவோடு வாசிக்கிறார். அங்கும் மூலைதான், ஆனால் நிற்கச் சொன்னவர் யாருமில்லை, அவராகப் போய் நின்ற மூலை.

போன மாதம் டிரம்ஸ்காரர் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தார். தன் மகளுக்கு இதே மாதிரி ஓர் உடம்பு செய்து தர முடியுமா, குழுவில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். கீழ்க்கட்டைக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. திருட்டுப் பொருள் செய்கிறவன் இல்லை நான் என்றார். உறையில்லாமல், ஒத்திகைக்கு நடுவில், மச்சினன் கண் முன்னால் நீங்களே தோளில் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் செய்கிறேன் என்றார். டிரம்ஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். அவ்வளவுதான், இனி வர மாட்டார் என்று மனைவி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவர் பலகையோடு வந்து நின்றார்.