மாரிக்கு எங்கை போவம்?

கூரையாகக் கட்டிய தறப்பாளின் நடுவிலே மழைத்தண்ணீர் தேங்கித் தொங்கும்போது கீழேயிருந்து தடியால் ஒரு குத்துக் குத்தினால், அது "சளார்" என்று வெளியே கொட்டும். கூடவே நனைந்த பிளாஸ்ரிக்கும் மண்ணெண்ணெயும் காயாத உடுப்பும் கலந்த ஒரு மணம் கொட்டிலை நிறைக்கும். எனக்கு மார்கழி என்றால் அந்த மணம்தான். மழை வந்ததும் மண்வாசனையைப் பற்றி உருகி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வாசனை பிடிக்க வேண்டுமென்றால் மழை வெளியே பெய்ய வேண்டும். எங்களுக்கு அது உள்ளேயும் பெய்தது.

நாங்கள் இருந்தது அளவெட்டிப் பக்கம் ஒரு தோட்டக் காணியில் போட்டிருந்த அகதி முகாம். காங்கேசன்துறையில் கடலோரமாக இருந்த எங்கள் வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நான் முகாமிலே பிறந்தவள், அந்த வீட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு அதன் மூலை முடுக்கெல்லாம் தெரியும். கிணற்றடியில் இரண்டாகக் கிளைவிட்ட பனை ஒன்று நின்றதாம். ஊரிலே வேறு யாருடைய வளவிலும் அப்படியொரு பனை இல்லை என்பதில் அப்பாவுக்கு அப்படியொரு பெருமை. வீட்டை இழந்தவருக்கு மிஞ்சியது அந்தப் பெருமை ஒன்றுதான்.

முகாம் பள்ளக் காணி. மாரி பிறந்து இரண்டு கிழமைக்குள் வெள்ளம் கொட்டில்களுக்குள் வந்துவிடும். அப்பா வாசலில் ஒரு தடியை நட்டு அதிலே கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு வைப்பார். தண்ணீர் அந்த வெட்டைத் தொட்டால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நேரத்தில்தான் வரும். ஆகவே அப்பா என்னையும் தம்பியையும் கூப்பிட்டு இருத்தி, கொழும்புப் பெரிய மனிதர்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்: "இந்தமுறை ஹொலிடேக்கு எங்கை போவம்?" போவதற்கு மூன்றே இடங்கள் இருந்தன: பள்ளிக்கூட மண்டபம், கோயில் மடம், உடுப்பிட்டியில் பெரியம்மா வீடு. நாங்கள் கைதூக்கி வாக்குப் போடுவோம். அம்மா மட்டும் மறுபக்கம் திரும்பிக்கொண்டு பாய் சுருட்டுவாள். ஏன் திரும்பினாள் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

முகாமில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எங்கே போனாலும் கொட்டிலுக்கு "ஒராள் நிக்கவேணும்." அதிகாரிகள் எந்த நேரத்தில் எதற்காகப் பட்டியலோடு வந்து பெயர் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கூப்பிடும்போது "ஓம்" என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அந்தக் குடும்பத்தின் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு விழும். எங்களில் நிற்பவர் எப்போதும் அப்பாதான். கட்டில் கால்களுக்குக் கீழே கல் அடுக்கி, அதன்மேல் குந்தியிருந்தே மாரியைக் கழிப்பார்.

எனக்குப் பத்து வயதான வருடம் நான் அந்தச் சட்டத்தை உடைத்தேன். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியதும் ரீச்சர் "விடுமுறையை நான் கழித்த விதம்" என்று கட்டுரை எழுதச் சொல்லுவா. முந்திய வருடம் நாங்கள் மண்டபத்தில் படுத்ததை நான் உள்ளபடி எழுதிவிட்டேன். "உவள் ஹொலிடேக்கும் பள்ளிக்கூடந்தான் போறவள்" என்று வகுப்பே சிரித்தது. இந்தமுறை அந்த வாய்களை அடைக்க வேண்டும். பெரியம்மா வீடு, அதுவும் அப்பாவோடு. அப்பா வராவிட்டால் அது ஹொலிடே இல்லை என்று அழுது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன்.

"பெட்டைக்கு வாய் கூடிப்போச்சு. ஆர் இஞ்சை நிக்கிறது?" என்று அம்மா ஏசினாள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு கிழமைதானே. உந்த வெள்ளத்துக்கை ஆர் வந்து பேர் கூப்பிடப்போறான்? எல்லாருமாப் போவம்."

ஓட்டுக் கூரைக்குக் கீழே, காய்ந்த தரையில், அப்பாவின் பக்கத்தில் படுத்த அந்த ஒரு கிழமையை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. பெரியம்மா பனங்கிழங்கு அவித்துத் தந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அப்பா பெரியப்பாவின் சைக்கிளை வாங்கி, என்னை முன்னுக்கும் தம்பியைப் பின்னுக்கும் ஏற்றிக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போனார். வெள்ளம் கடலுக்குள் பாய்வதைப் பார்த்துவிட்டுக் கரையில் நின்றோம். வாடைக்காற்று எங்களைத் தள்ளியது. அப்பா மேற்கே கையை நீட்டினார்.

"இப்பிடியே கரையாலை நடந்தமெண்டால் பின்னேரம் எங்கடை வீட்டுக் கேற்றடியிலை நிப்பம்."

"அப்ப நடப்பம்" என்றான் தம்பி. அப்பா சிரித்தார்.

திரும்பி முகாமுக்குப் போன அன்று பக்கத்துக் கொட்டில் செல்லத்துரை மாமா எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தார். அவர் ஊரிலும் எங்களுக்கு அயலவர். "ஒராளெண்டாலும் நிண்டிருக்கக் கூடாதோ அண்ணை? செவ்வாய்க்கிழமை காலமை பஸ் கொண்டு வந்தவங்கள். காணியளைப் பாக்க விட்டவங்கள். உங்கடை பேரை மூண்டுதரம் கூப்பிட்டவங்கள்."

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் அது. குடும்பத்துக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டுபோய், அரை மணித்தியாலம் அவரவர் வளவில் நிற்க விட்டிருக்கிறார்கள். நாங்கள் கடற்கரையில் நின்று கை நீட்டிய அதே காலையில்.

மாமா எங்கள் வளவுக்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கிறார். கூரை இல்லையாம், பனை நிற்கிறதாம். கிணற்றில் ஒரு போத்தில் தண்ணீர் அள்ளி வந்திருந்தார். அப்பா அதை வாங்கி எங்கள் மூவருக்கும் ஒவ்வொரு மிடறு தந்தார். தான் குடிக்கவில்லை. "நான் அங்கை போய்க் குடிக்கிறன். அடுத்த முறை விடுவாங்கள்தானே" என்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் இவ்வளவு காலம் அதைச் சுமந்திருக்க மாட்டேன்.

அந்தத் தை மாதம் என்னுடைய கட்டுரையை ரீச்சர் வகுப்பிலே வாசித்துக் காட்டினா. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. பஸ் வரவில்லை, சமாதானமும் போயிற்று. அதன்பின் அப்பா முகாமை விட்டு ஒரு இரவுகூட வெளியே தங்கவில்லை. மூன்றாவது மாரியில், கல்லடுக்கிய அந்தக் கட்டிலிலேயே காய்ச்சலில் போனார்.

இப்போது முகாம் இல்லை. அந்தப் பள்ளக் காணியில் வெங்காயம் நட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு ஊர் இருந்து நனைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செல்லத்துரை மாமாவும் இல்லை. ஊரில் பல காணிகளை விட்டார்கள், எங்கள் கரைத் துண்டை விடவில்லை. நான் கணவரோடு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒழுகாத வீட்டில் இருக்கிறேன். போன கிழமை என் மகள், அவளுக்கும் பத்து வயது, போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மழைக்காலத்தில் போய்த் தங்க நல்ல இடங்கள் என்று ஒரு பட்டியலாம். அதிலே ஒன்றை அவள் தெரிவு செய்துவிட்டாள். கடலோரம் இராணுவம் நடத்தும் ஒரு விடுதி. முற்றத்தில் வெள்ளையடித்த கிணறு, அதன் கட்டின்மேல் பூச்சாடிகள். பக்கத்தில் இரண்டாகக் கிளைவிட்ட ஒரு பனை. அடியிலிருந்து நுனிவரை கலர் லைற் சுற்றியிருந்தார்கள். மாரியில் வருகிறவர்களுக்கு விலை குறைவாம். மறுநாள் பதினொரு மணிவரை நிற்கலாமாம்.

அப்பாவுக்குக் கிடைக்க இருந்தது அரை மணித்தியாலம்.

"இஞ்சை போவமம்மா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாப் போவம்" என்றாள்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றேன். "அந்தக் கிணத்திலை தண்ணி குடிக்க விட்டால், குடிச்சுப்போட்டு வாங்கோ."

"நீங்கள் வரேல்லையோ? ஏன்?"

"ஒராள் நிக்கவேணும்" என்றேன்.