மலாக்காப் பள்ளியின் கம்பளம்

மகள் போன கிழமை மலாக்காவிலிருந்து ஐந்து படங்கள் அனுப்பியிருந்தாள். வேலை விஷயமாகச் சிங்கப்பூருக்குப் போனவள், லீவு நாளில் பஸ் பிடித்து அங்கே போய் வந்திருக்கிறாள். "வாப்பா, நான் சின்னனா இருக்கேக்க நீங்க சொல்லுற பள்ளி இதுதானே?" என்று கீழே எழுதியிருந்தாள். நான் முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கையால் தொட்டதில் போனின் கண்ணாடி மங்கிவிட்டது. சாரத்தில் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

முதல் படத்தில் பள்ளிவாசலின் கூரை. இரண்டாவதில் மினாரா. மூன்றாவதில் தூண்கள். நான்காவதில் மிம்பர். நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு இவை எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்ல முடியும். ஐந்தாவது படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைப் பார்த்தபிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து. பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சமையலறை அலுமாரி செய்யும் பக்டரி ஒன்றில் வேலைக்கு நின்றேன். ஊரில் தச்சன். இங்கே பலகைக்கு விளிம்பு ஒட்டும் மெஷினுக்குக் கையாள். யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றியபோது, மனைவியையும் கைக்குழந்தையையும் புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருந்தேன். அவர்களை எடுப்பிப்பதற்கான பத்திரங்கள் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்க்கொண்டே இருந்தன. காலையில் ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை. அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது மேப்பிள் மரத்தூளின் வாசம். சீனி கருகும்போது வருகிற மாதிரி இனிப்பாக இருக்கும். குளித்தாலும் தலையணையில் அது இருக்கும். அடுத்ததாக வருவது களைப்பு. அதற்குப் பிறகுதான் காசிம் நானா வருவார்.

காசிம் நானா மலாக்காக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு நானா, அதாவது அண்ணன். அவருடைய முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போன வியாபாரிகளாம். தன் மகளோடு இருக்கவென்று வந்து, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பக்டரிக்கு வந்துவிட்டார். அலுமாரியில் இழுத்துத் திறக்கும் லாச்சிகளுக்கு அடித்தட்டுப் பூட்டுவது அவருடைய வேலை. அவர் பேசும் தமிழில் நாலு சொல்லுக்கு ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அவருக்கு மூட வராது. அதனால்தானோ என்னவோ நாங்கள் நன்றாகப் பொருந்திப் போனோம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழிவுப் பலகையில் பென்சிலால் அவர் தன்னுடைய ஊர்ப் பள்ளிவாசலை வரைவார். முதலில் மரத்தால் கட்டி, பிறகு செங்கல்லுக்கு மாற்றினார்களாம். குவிமாடம் கிடையாது. கூரை மூன்று தட்டு. விரித்த குடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல், மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டு போகும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டு. சூடு அந்த வழியால் வெளியேறும், மழை உள்ளே வராது. அந்தக் கூரையை நடுவில் நாலு பெரிய தூண்கள் தாங்குகின்றன. மினாரா சதுரமாக, சீனக் கோயில் கோபுரம்போல அடுக்கடுக்காகப் பக்கத்தில் நிற்கும். முகட்டில் பீங்கான் பூக்கள். தரை ஓடுகள் ஐரோப்பாவிலிருந்து, தொங்கும் விளக்கு இங்கிலாந்திலிருந்து. வெள்ளிக்கிழமை இமாம் ஏறி நின்று பேசும் மரப்படி மேடைதான் மிம்பர். அதைச் செதுக்கியவர்கள் சீனத் தச்சர்களாம்.

"அவனுக்கு மிம்பர் எதுக்குன்னு தெரியாதுலா. தாமரைதான் தெரியும். அதனால தாமரையாவே போட்டுட்டான்," என்பார்.

நானும் தச்சன் அல்லவா. தூணுக்கு என்ன மரம், உத்தரத்தை எப்படிப் பொருத்தினார்கள், ஆணியா முளையா என்று மெதுவாகக் கேட்பேன். கேட்ட எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. தெரியாததற்கும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் தொழுதது, ஒரு பிளாசாவில் லோண்டரிக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஹோலில். நாற்பது பேர் வருவோம். தரைக்குக் கீழேயிருந்து சவர்க்கார வாசமும் மெஷின் சுற்றும் அதிர்வும் ஏறி வரும். சுஜூதில் நெற்றியை வைத்தால் நிலம் நடுங்கும். மனைவியின் கடிதம் வராத கிழமைகளில், காசிம் நானாவை விட்டால், தமிழில் வேறு யாராவது என்னை நலம் விசாரித்தது அந்த ஹோலில்தான்.

நோன்புக்கு முன்னால் ஒரு மிஹ்ராப் வேண்டும் என்று பேச்சு வந்தது. தொழுகையில் இமாம் நிற்கும் வளைவு மாடம் அது. எந்தச் சுவரில் அது இருக்கிறதோ அந்தப் பக்கந்தான் கிப்லா, அதாவது மக்காவின் திசை. என்னைக் கேட்காமலே காசிம் நானா என் தோளில் கையைப் போட்டு, இவன் செய்வான் என்று சொல்லிவிட்டார்.

கிப்லா எந்தப் பக்கம் என்று ஊரில் யாரும் யோசிப்பதில்லை. சூரியன் விழுகிற பக்கம். ரொறன்ரோவுக்கு வந்த முதல் கிழமை, பேஸ்மென்டில் நின்று அந்தப் பழக்கத்திலேயே மேற்கைப் பார்த்துத் தொழுதவன் நான். அந்த வெட்கம் இருந்ததால் இந்த முறை கவனமாக இருந்தேன். ஒரு உலகப் படம் வாங்கி நிலத்தில் விரித்து, ரொறன்ரோவுக்கும் மக்காவுக்கும் இடையில் நீளமான இரும்பு அடிமட்டத்தை வைத்துக் கோடு கிழித்தேன். கோடு கிழக்கே போய்க் கொஞ்சம் தெற்கே சரிந்தது. ஹோலின் கிழக்குச் சுவர் அதற்கு ஏறக்குறைய நேராக இருந்தது. அடிமட்டம் சொன்னதற்குமேல் ஒரு தச்சனுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

பக்டரியில் கேட்டு வாங்கிய மேப்பிள் துண்டுகளில் செய்தேன். வளைவின் இரண்டு மூலைகளிலும் காசிம் நானா வரைந்த தாமரையைச் செதுக்கினேன். ஒன்று தாமரையாக வந்தது, மற்றது கோவா, அதுதான் முட்டைக்கோஸ், மாதிரி வந்தது. தரையில் வரிசைக்கு வரிசை நாடா ஒட்டினேன். இந்த நாட்டில் நான் தொடக்கம் முதல் முடிவு வரை என் கையால் செய்த முதல் பொருள் அது. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு முழுப் பக்கம் அதைப் பற்றித்தான் எழுதினேன்.

நோன்பு முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒருவர் ஒரு பூகோள உருண்டையும் நூலும் கொண்டுவந்தார். தொழுகை முடிந்ததும் நூலின் ஒரு முனையை ரொறன்ரோவிலும் மறு முனையை மக்காவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தார். நூல் கிழக்கே போகவில்லை. வடகிழக்காக ஏறி, கடலுக்கு மேலால் வளைந்து இறங்கியது. உலகம் உருண்டை, தட்டையான படத்தில் கோடு கிழித்தால் பிழைக்கும் என்று தன்மையாகத்தான் சொன்னார். எங்கள் கிப்லா சுவரில் இல்லை, மூலையில் இருந்தது. அந்த மூலையில்தான் படிக்கட்டுக் கதவும் மின்சாரப் பெட்டியும். மிஹ்ராபை அங்கே நகர்த்த வழியில்லை.

"ஆர் இதை அளந்தது?" என்று ஹோல் சாவி வைத்திருந்த ஹாஜியார் கேட்டார்.

நான் சுவரோரமாகப் பின்னுக்கு நகர்ந்தேன். ஒரு மாத நோன்புத் தொழுகையும் வீண் என்றார் ஒருவர். உடைத்து எறியுங்கள் என்றார் இன்னொருவர். இதைவிடப் பிறம்ரன் பக்கம் ஏதாவது பெரிய பள்ளிக்குப் போகலாம், இந்த ஹோல் எதற்கு என்று பின்னால் சிலர் பேசிக்கொண்டார்கள். பிறம்ரனுக்குப் போக என்னிடம் கார் இல்லை. கார் இருந்தாலும் இனி எந்த முகத்தோடு போவது? நான் காலணிகளை வைக்கும் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து, சப்பாத்தைக் கையில் எடுத்துவிட்டேன். இனி வருவதில்லை என்று மனதில் முடிவும் எடுத்துவிட்டேன்.

காசிம் நானா என் கையில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"இருங்க. எங்க ஊருப் பள்ளியும் இதே கததான்லா. கட்டினவங்க சூரியன் விழுற பக்கம் பாத்துக் கட்டிட்டாங்க. பின்னால அளந்து பாத்தா, செவுரு ஒரு பக்கம், கிப்லா ஒரு பக்கம். ஒடைச்சாங்களா? இல்ல. கம்பளத்தச் சாய்ச்சு விரிச்சாங்க. இன்னிக்கும் சாய்வாத்தான் கெடக்கு. செவுரா தொழுவுது? நாமதானே."

முயன்று பார்த்தும் தெரியாமல் தவறினால் தொழுகை கூடும், வீணாகாது என்று எங்களுக்குத் தொழுகை நடத்தும் மௌலவி சொன்னார். அத்தனை பழைய பள்ளியிலேயே அப்படி என்றால் நமக்கென்ன என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் இளகியது.

"நாடா ஆரிட்ட கிடக்கு?" என்றார் ஹாஜியார்.

"என்னட்டை இருக்கு," என்றேன். அந்த ஹோலில் எல்லாருக்கும் கேட்கும்படி நான் பேசிய முதல் வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை நானும் காசிம் நானாவும் பழைய நாடாவை உரித்துவிட்டுச் சாய்வாகப் புதிதாக ஒட்டினோம். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உருண்டையைப் பார்த்தாயா, திரும்பவும் தட்டைப் படத்தைப் பார்த்தாயா என்று வரிசைக்கு வரிசை கேட்டார். முன் வரிசையில் மூன்று பேர்தான் நிற்கலாம். பின்னால் போகப் போக அகலும். புதிதாக வருகிறவர்கள் சுவருக்கு நேராக நிற்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிடுவார். என்னுடைய மிஹ்ராப் தன் பாட்டில் சுவரோடு நின்றது. அதற்குள் மணிக்கூட்டையும் ஓதும் புத்தகங்களையும் வைத்தார்கள்.

மூன்று வருடம் அப்படித் தொழுதோம். அதற்கிடையில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஏன் எல்லாரும் கோணலாக நிற்கிறீர்கள் என்று மகள் கேட்டபோதுதான் மலாக்காக் கதையைச் சொன்னேன். பிறகு ஜமாஅத் சொந்தக் கட்டடம் வாங்கியது. அங்கே கோடு நெய்த கம்பளம் சுருளாக வந்து இறங்கியது. மிஹ்ராப் படிக்கட்டால் இறங்கவில்லை. நானே அதை இரண்டாக அறுத்தேன். காசிம் நானா தன் மகளோடு அஜக்ஸ் என்ற பக்கத்து ஊருக்குப் போய், ஒரு பனிக்காலத்தில் மௌத்தானார். பக்டரியை மூடிவிட்டார்கள். பிளாசா இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி மாடிக் கட்டடம் நிற்கிறது.

ஐந்தாவது படம் பள்ளிக்குள்ளே எடுத்தது. நாலு தூண்கள், நடுவில் விளக்கு, கீழே கம்பளம். கம்பளத்தின் கோடுகள் சுவருக்கு நேராகக் கிடக்கின்றன. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சாய்வும் இல்லை.

பிறகு மாற்றி விரித்திருக்கலாம். அல்லது தொழுகிற இடத்தில், நாற்பது பேருக்கு முன்னால், கையில் சப்பாத்தோடு நின்ற ஒருவனுக்காக அந்த மனிதர் ஒரு கதை சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு இப்போது அவர் இல்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

"சாய்வா எண்டு சொன்னீங்களே வாப்பா?" என்று மகள் எழுதியிருந்தாள்.

"ஓம். சாய்வாத்தான் கிடந்தது," என்று பதில் போட்டேன். நாங்கள் நாடா ஒட்டிய தரையை நினைத்துக்கொண்டுதான் அதை எழுதினேன்.